குதிரைக்கு உருவப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வைத்திருப்பவர்கள் கேட்டால் அவர்களுடைய குதிரையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பது என் வேலை. படம் வேண்டும் என்று வருபவர்களும், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

குதிரைப் படத்துக்கும் குதிரையோட உருவப்படத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

குதிரைப் படத்தில் ஏதோ ஒரு குதிரை அழகாக இருந்தால் போதும். உருவப்படத்தில் இருப்பது ஒரே ஒரு குதிரை. அதற்குப் பெயர் உண்டு, வயது உண்டு, பிடித்தவர் பிடிக்காதவர் உண்டு. தினமும் அதற்குத் தீனி வைக்கும் ஆள் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே "இது அவள்தான்" என்று சொல்ல வேண்டும். நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே பரீட்சை இதுதான். கீழே வரும் பதில்களில் பாதி இந்தப் பரீட்சையில் தேறுவதற்கானவை.

லண்டன் நேஷனல் கேலரியில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் சுமார் 1762-இல் வரைந்த 'விசில்ஜாக்கெட்' இருக்கிறது. ராக்கிங்ஹாம் பிரபு தன்னுடைய பந்தயக் குதிரையை வரையச் சொல்லி வந்த படம். உயரம் கிட்டத்தட்ட 3 மீட்டர். மரம் இல்லை, வானம் இல்லை, சவாரி செய்பவர் இல்லை. வெறும் பின்னணியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரை மட்டும். சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல், அந்த ஒரு குதிரையின் தனித்தன்மை மட்டுமே அவ்வளவு பெரிய கேன்வாஸைத் தாங்கி நிற்கிறது.

"மரபு முறை"ன்னு சொல்றீங்களே, அது என்ன மரபு?

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைப் பந்தயமும் இனவிருத்தியும் வளர்ந்த காலத்தில் உருப்பெற்ற முறை அது. ஜான் வூட்டன், ஜேம்ஸ் சீமோர், அப்புறம் ஸ்டப்ஸ் என்று ஓவியர்களின் ஒரு வரிசையே உண்டு. குதிரை பக்கவாட்டில் நிற்கும். உடலில் சேணம் இருக்கும், அல்லது தலையில் கடிவாளம் மட்டும் இருக்கும். சில படங்களில் லாயக்காரரோ ஜாக்கியோ கயிற்றைப் பிடித்தபடி அருகில் நிற்பார். தொடுவானம் தாழ்வாக இருக்கும். அதனால் குதிரையின் முதுகுக் கோடு வானத்தில் தெளிவாகப் பதியும்.

பக்கவாட்டில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. கேமரா இல்லாத காலத்தில் இந்தப் படம்தான் அந்தக் குதிரைக்கு ஆவணம். தோள் எவ்வளவு சாய்வு, முதுகு எவ்வளவு நீளம், கால்கள் நேராக இருக்கின்றனவா என்று குதிரை தெரிந்தவர் படத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். நான் இன்றைக்கும் பெரும்பாலும் இந்த நிலையைத்தான் பரிந்துரைக்கிறேன். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் எதையும் மறைக்க இடம் தராத நிலை இது.

போட்டோ இருக்கும்போது படம் எதுக்கு?

போட்டோவில் இருப்பது நொடியில் ஒரு பங்கு. அந்த நொடியில் காது பின்னால் மடிந்திருக்கலாம், ஒரு கால் இன்னொன்றை மறைத்திருக்கலாம், வெயில் முதுகை வெளுக்கச் செய்திருக்கலாம். ஓவியத்தில் பல நாள் பார்த்ததைச் சேர்த்து வைக்க முடியும். காலையில் கண்ட தலைநிமிர்வையும் மாலை வெயிலில் கண்ட உடல் பளபளப்பையும் ஒரே குதிரையில் கொண்டுவரலாம். அந்தக் குதிரையோடு பத்து வருடம் பழகியவரின் நினைவில் இருப்பதும் அப்படிச் சேர்ந்த ஒரு உருவம்தானே.

எனக்கு நல்லா வரைய வரும். ஆனா குதிரை வரைஞ்சா நாய் மாதிரி வருது. எங்க தப்பு?

பெரும்பாலும் கால்களில்தான் தப்பு. குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது நம் கணுக்காலுக்குச் சமமானது. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. அதே மாதிரி, முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு நம் மணிக்கட்டுக்குச் சமம். அந்த மூட்டுகளுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். அதனால் தொடையைப் போல உருட்டி வரையாமல், கூரான விளிம்புகளோடு வரைய வேண்டும். இன்னொன்று, குதிரைக்குக் காறையெலும்பு (தோளை மார்போடு இணைக்கும் எலும்பு) இல்லை. முன்னங்கால்கள் உடலோடு எலும்பால் இணையவில்லை, தசைகளால்தான் பிணைந்திருக்கின்றன. விலாக்கூடு இரண்டு கால்களுக்கும் நடுவே தொட்டில் மாதிரி தொங்குகிறது. இது மனதில் பதிந்தால் தோள் தானாகச் சரியாகும்.

அளவுக்குத் தலையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து முதுகோடு சேரும் மேட்டிலிருந்து தரைவரை ஏறக்குறைய இரண்டரைத் தலை. மார்பு முனையிலிருந்து பிட்டத்தின் பின் முனைவரை நீளமும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, உடல் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். இது தொடங்குவதற்கான கணக்கு மட்டும். உங்கள் முன்னால் நிற்கும் குதிரை இந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறது என்று கண்டுபிடித்தால் அதன் சாயல் அங்கேதான் கிடைக்கும்.

ஸ்டப்ஸ் 1750-களில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணைவீட்டை எடுத்துக்கொண்டு, சுமார் 18 மாதம் இறந்த குதிரைகளை அறுத்து, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக வரைந்தார். குதிரை உடற்கூறு பற்றிய அவருடைய நூல் 1766-இல் வந்தது. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். குதிரை எலும்புக்கூட்டின் நல்ல படம் ஒன்றைப் பார்த்து இருபது முறை வரைந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

குதிரையை நேர்ல பார்க்காம வரைய முடியுமா?

முடியும். ஆனால் வாய்ப்பு இருந்தால் நான் பார்க்காமல் தொடங்குவதில்லை. பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர் 'குதிரைச் சந்தை' படத்துக்காகப் பாரிஸின் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு முறை வீதம் ஒன்றரை வருடம் போய் வரைந்தார். பெண் அங்கே நின்றால் தொந்தரவு என்று, ஆண் உடையில் போனார். 5 மீட்டர் அகலமுள்ள அந்தப் படம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குதிரைகளின் கனம் அத்தனை நாள் கூடவே நின்றதால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரில் போனால் முதல் அரைமணி நேரம் பென்சிலை எடுக்கவே மாட்டேன். குதிரை எந்தக் காலில் கனத்தைப் போட்டு நிற்கிறது, சத்தம் கேட்டால் எந்தக் காது முதலில் திரும்புகிறது, தெரிந்தவர் வந்தால் கழுத்தை எப்படி நீட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் அதைப் பராமரிப்பவரிடம் பேசுவேன். உரிமையாளருக்குத் தெரியாத பல விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

என்ன மாதிரி போட்டோ அனுப்பணும்?

ஒரே ஒரு 'நல்ல' போட்டோவைவிட முப்பது சாதாரண போட்டோக்கள் எனக்கு அதிகம் உதவும். இரண்டு பக்கவாட்டிலும், முன்னாலிருந்தும், பின்னாலிருந்தும் முழு உடல் வேண்டும். தலை மட்டும் இரு பக்கமும், கண் மட்டும் மிக நெருக்கமாக. நான்கு கால்களும் குளம்பு வரை தனித்தனியாக. புல்லில் நிறுத்தினால் குளம்பு மறைந்துவிடும், அதனால் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கால்கள் கொஞ்சம் உள்தள்ளி நிற்கட்டும். அப்போதுதான் நான்கும் தெரியும்.

உச்சிவெயில் வேண்டாம். காலையிலோ மாலையிலோ, சாய்வான வெளிச்சத்தில் எடுங்கள். காது முன்னால் வர, கூட ஒருவர் காகிதத்தைக் கசக்கிச் சத்தம் கொடுக்கலாம். பிடரி மயிர் எந்தப் பக்கம் விழும், வால் எதுவரை இருக்கும், இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். சில கேமராக்கள் முகத்தைக் கண்ணாடிபோல இடவலம் மாற்றிப் பதிவு செய்யும். அது தெரியாமல் பிடரியைத் தவறான பக்கம் வரைந்தால் உரிமையாளர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

போன்ல எடுத்தா தலை மட்டும் ஏன் பெருசா தெரியுது?

கிட்ட நின்று எடுப்பதால். நமக்கு அருகில் இருக்கும் தலை பெருத்துப் பின்பகுதி சிறுத்துவிடும். எட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். லென்ஸ் குதிரையின் தோளும் வயிறும் இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி கண் உயரத்திலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகும்.

கற்றுக்கொள்பவர்களுக்கு: போட்டோவை அப்படியே பிரதி எடுத்தால் இந்தத் தப்பும் சேர்ந்தே வரும். இரண்டரைத் தலைக் கணக்கை வைத்து முதலில் சரிபாருங்கள்.

எங்க குதிரை வெறும் பழுப்பு. அதுல வரைய என்ன இருக்கு?

என்னைக் கேட்டால் வரைய வேண்டிய அத்தனையும் அதில்தான் இருக்கிறது. முதலில் எந்தப் பழுப்பு என்று பாருங்கள். உடல் செம்பழுப்பாகவும் பிடரி, வால், காலின் கீழ்ப்பகுதி ஆகியவை கறுப்பாகவும் இருந்தால் அது 'பே'. பிடரியும் வாலும் உடலின் நிறத்திலேயே, அல்லது இன்னும் வெளிறி இருந்தால் 'செஸ்ட்நட்'. செஸ்ட்நட்டில் கறுப்பு மயிர் வராது. இதை மாற்றி வரைந்தால் குதிரையே மாறிவிடும்.

அடுத்தது பளபளப்பு. நன்றாகத் தேய்த்துவிட்ட குதிரையின் உடல் கண்ணாடி மாதிரி. வெயிலில் நிற்கும் செம்பழுப்புக் குதிரையின் முதுகையும் பிட்டத்தின் மேல்பகுதியையும் உற்றுப் பாருங்கள். அங்கே தெரிவது பழுப்பு இல்லை, வெளிறிய நீலச் சாம்பல். வானம் அதில் விழுந்திருக்கிறது. வயிற்றின் அடிப்பகுதியில் தரையின் நிறம் ஏறியிருக்கும். மண் தரையானால் செம்மை, புல் என்றால் பச்சை. தொடக்கத்தில் பலரும் பழுப்போடு வெள்ளையைக் கலந்து பளபளப்பு போடுகிறார்கள். உடல் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஆகிவிடும். நான் பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கொஞ்சம் எல்லோ ஓக்கர் ஆகிய மண்நிற வண்ணங்களைக் கொண்டு உடலை முடித்து, அது பாதி காய்ந்ததும் டைட்டானியம் ஒயிட்டில் அல்ட்ராமரீன் நீலத்தைத் துளி சேர்த்து, அகலப் பிரஷ்ஷால் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே ஒரே இழுப்பாக வைப்பேன். அந்த இழுப்பு சரியாக விழும் நொடியில் தட்டையாக இருந்த தோள் எழுந்து உருண்டு நிற்கும். இத்தனை வருடம் ஆகியும் அதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு நின்று வருகிறது.

வெள்ளைக் குதிரை, கறுப்புக் குதிரை, ரெண்டுல எது கஷ்டம்?

கறுப்பு. டியூபில் வரும் கறுப்பை அப்படியே பூசினால் படத்தில் குதிரை வடிவத்தில் ஒரு ஓட்டை விழுந்தது மாதிரி இருக்கும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் அம்பரும் கலந்து கறுப்பை உண்டாக்குங்கள். வெளிச்சப் பக்கம் நீலத்தைக் கூட்டலாம், நிழல் பக்கம் அம்பரைக் கூட்டலாம். வெயிலில் நிறைய நின்ற கறுப்புக் குதிரையின் விலாவில் செம்மை பூத்திருக்கும். அதையும் விடாதீர்கள்.

வெள்ளையாகத் தெரியும் குதிரைகளில் பெரும்பாலானவை 'கிரே' வகை. அடர்ந்த நிறத்தில் பிறந்து வயது ஏற ஏற வெளுத்தவை. மயிர் வெளுத்தாலும் அடியில் தோல் கறுப்புதான். அதனால்தான் மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் கருமை தெரிகிறது. வெள்ளை மயிருக்கு அடியிலிருந்து அந்தக் கருமை மெல்ல எட்டிப்பார்க்கும் நீலச் சாம்பல் பகுதிகளைப் பிடித்தால் போதும். தூய வெள்ளையை ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் வைக்க வேண்டியிருக்காது.

நெத்தியில இருக்கிற வெள்ளையை கொஞ்சம் அழகா திருத்திடலாமா?

கூடாது. நெற்றிச் சுட்டி, மூக்குவரை இறங்கும் வெள்ளைப் பட்டை, கால்களில் ஏறும் வெள்ளை, இவைதான் குதிரையின் கையெழுத்து. நான்கு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி என்று தனிப்பெயரே வைத்திருக்கிறோம். வெள்ளையின் விளிம்பு எங்கே நெளிகிறது, எங்கே ஒரு கறுப்புப் புள்ளி உள்ளே நிற்கிறது என்பது குதிரைக்குக் குதிரை மாறும். சுழிகளும் அப்படித்தான். நெற்றிச் சுழி ஒன்றா இரண்டா, கண்மட்டத்துக்கு மேலா கீழா என்பதெல்லாம் குதிரையின் அடையாளச் சான்றிதழ்களில் படத்தோடு குறிக்கப்படும் விவரங்கள். விலாவும் தொடையும் சேரும் இடத்திலும் ஒரு சுழி உண்டு. அங்கே மயிரின் திசை மாறுவதால் வெளிச்சமும் மாறும்.

ஆரம்ப காலத்தில் ஒரு குதிரையின் இடது பின்னங்காலில் குளம்புக்கு மேலே விரல் அகலத்துக்கு இருந்த வெள்ளையைப் புல் நிழலென்று நினைத்து விட்டுவிட்டேன். உரிமையாளர் படத்தைப் பாராட்டி வாங்கிக்கொண்டார். லாயத்தில் வேலை செய்யும் பெரியவர் வந்து பார்த்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "தினமும் அந்தக் காலைத்தான் கடைசியா கழுவுவேன் தம்பி, அந்த வெள்ளை எங்கே?" என்று கேட்டார். படத்தைத் திரும்ப எடுத்து வந்து திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான்கு காலுக்கும் தனித்தனிப் படம் கேட்கிறேன்.

கண்ணு மட்டும் உயிரில்லாம பொம்மை மாதிரி இருக்கு. என்ன பண்றது?

மனிதக் கண்ணை வரைந்திருப்பீர்கள். குதிரையின் கண்மணி வட்டமாக இல்லை, கிடைமட்டமாக நீண்டது. அதன் மேல் விளிம்பில் கறுப்பு மணிகள் கோத்தாற்போல் சிறு திரள்கள் தொங்கும். நெருங்கிப் பார்த்தால் தெரியும். வெள்ளை விழி சாதாரணமாக வெளியே தெரியாது. அதைக் காட்டிவிட்டால் குதிரை மிரண்டது மாதிரி ஆகிவிடும். மேல் இமையின் மயிர்கள் நீளமானவை. அவற்றின் நிழல் கண்ணின் மேல் பகுதியில் விழும். அந்த நிழலைப் போட்டாலே கண் தலைக்குள் அமர்ந்துவிடும். வெளிச்சப் புள்ளியைக் கண்மணியின் நட்டநடுவில் வைக்காதீர்கள். வெளிச்சம் வரும் பக்கமாக, கொஞ்சம் மேலே, வானத்தின் நீலம் கலந்து வையுங்கள்.

இன்னொன்று. கண்ணைக் கடைசியில் திறந்துகொள்ளலாம் என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. நான் தலை வரைந்ததுமே கண்ணை வைத்துவிடுவேன். அது என்னைப் பார்க்க ஆரம்பித்த பிறகு மற்ற வேலையில் அலட்சியம் வராது. காதும் கண்ணும் ஒரே திசையைக் கவனிக்கின்றனவா என்றும் பாருங்கள். காது ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போனால் முகத்தில் உணர்ச்சி கலைந்துவிடும்.

நாலு கால்ல பாய்ஞ்சு ஓடுற மாதிரி வரைஞ்சு தருவீங்களா?

தருவேன். ஆனால் பழைய படங்களில் உள்ளதுபோல் முன்னங்கால்கள் முன்னாலும் பின்னங்கால்கள் பின்னாலும் விரிந்து பறக்கும்படி வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1821-இல் வரைந்த எப்சம் டெர்பி குதிரைப் பந்தயப் படத்தில் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மிக அழகான படம். ஆனால் குதிரை அப்படி ஓடுவதில்லை. 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரையை அடுத்தடுத்துப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் நொடி ஒன்று உண்டு, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருக்கின்றன என்று அதில் தெரிந்தது. டெகா போன்ற ஓவியர்கள் அந்தப் படங்களைக் கவனமாகப் படித்தார்கள்.

உருவப்படம் என்ற கணக்கில் என் யோசனை: குதிரை அதிகம் அறியப்பட்டது ஓட்டத்துக்காக என்றால் ஓட்டத்தில் வரையலாம். மற்றபடி, நடக்கும் நிலையோ நிற்கும் நிலையோ சாயலை நன்றாகக் காட்டும்.

எண்ணெய் வண்ணம்தான் வேணுமா? அக்ரிலிக்ல பண்ணா சீக்கிரம் முடியுமே?

முடியும், அதில் சிறப்பாக வரைபவர்களும் இருக்கிறார்கள். நான் எண்ணெயில் நிற்பதற்குக் காரணம், மேலே சொன்ன அந்தப் பளபளப்பு. எண்ணெய் மெதுவாகக் காய்வதால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு ஈரத்திலேயே இழைய விடலாம். வழவழப்பான உடலுக்கு அது ரொம்பப் பொருந்தும். லினன் கேன்வாஸ் பருத்தியைவிட உறுதியானது. பெரிய அளவுக்கு அதையே வாங்குங்கள். கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்குகளில் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாறினால் வண்ணத்தில் வெடிப்பு விழும். வெளிறிப்போகும் வண்ணங்களைத் தவிருங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் அப்படிப்பட்டது. அதற்குப் பதிலாக நிலைத்து நிற்கும் சிவப்புகள் கிடைக்கின்றன.

எவ்வளவு நாள் ஆகும்?

தலை மட்டும் என்றால் சில வாரம், முழு உடலும் பின்னணியும் என்றால் சில மாதம். நேரம் பெரும்பாலும் அடுக்குகள் காய்வதற்குப் போகிறது. முடிந்த பிறகும் இறுதி வார்னிஷ் போட ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதுவரை படம் உங்கள் சுவரிலேயே இருக்கலாம், வெயில் நேராகப் படாமல். பிறந்தநாளுக்கோ திருமண நாளுக்கோ வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

விலையை எதை வச்சு முடிவு பண்றீங்க?

அளவு, எத்தனை குதிரை, தலையா முழு உடலா, பின்னணியில் என்ன, சேணமும் கடிவாளமும் உண்டா என்பதை வைத்து. சேணம் என்றால் பலரும் சும்மா என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு வாரும் கொக்கியும் அதனதன் இடத்தில் சரியாக இருக்க வேண்டும், குதிரைக்காரர்கள் அதை உடனே பார்ப்பார்கள். சவாரி செய்பவரும் வேண்டுமென்றால் அது இன்னொரு உருவப்படம், வேலையும் அதற்கேற்ப. பணம் மூன்று தவணை: தொடங்கும்போது முன்பணம், முன்வரைவை ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, படம் கைக்கு வரும்போது மீதி.

எழுத்துல ஒப்பந்தம் எதுக்கு? எங்க மேல நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கை இருக்கிறது, அது கெடாமல் இருக்கத்தான் ஒப்பந்தம். ஸ்டப்ஸ் 1800-இல் 'ஹாம்பிள்டோனியன்' என்ற பந்தயக் குதிரையை மிகப்பெரிய அளவில் வரைந்தார். பந்தயம் முடிந்து களைத்து நிற்கும் குதிரையைத் தேய்த்துவிடும் காட்சி. அவர் செய்தவற்றில் உச்சமான படங்களில் ஒன்று. அதற்கான பணத்துக்காக அவர் உரிமையாளர்மேல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 75 வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் அப்படிப்பட்ட கைக்கு அந்த அலைச்சல் வந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அளவு, தேதி, தவணை, எத்தனை முறை திருத்தம் ஆகியவற்றை எழுதிக்கொள்வேன். படத்தை அச்சடிக்கும் உரிமை யாருக்கு என்பதையும் எழுத வேண்டும், சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வேறொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவதானால் அவருடைய அனுமதியும் வேண்டும்.

எங்க குதிரை செத்துப்போச்சு. ஒரே ஒரு மங்கலான போட்டோதான் இருக்கு. வரைய முடியுமா?

முடியும், ஆனால் கேள்விகள் நிறைய கேட்பேன். ஒரு போட்டோவில் ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் அந்தப் பக்கத்தையே வரைவது நேர்மை. தெரியாத பக்கத்து வெள்ளையை நான் கற்பனை செய்யமாட்டேன். பழைய சான்றிதழ், மருத்துவக் குறிப்பு, லாடம் அடித்தவரின் நினைவு என்று எதில் விவரம் கிடைத்தாலும் உதவும். தாயோ குட்டியோ உடன்பிறந்ததோ உயிரோடு இருந்தால் உடல்வாகைப் பார்க்க அவற்றிடம் போவேன். நிறத்தையும் குறிகளையும் அவற்றிலிருந்து எடுக்கமாட்டேன். பத்திரமாக வைத்திருக்கும் வால்மயிர்க் கற்றை இருந்தால் கொஞ்ச நாள் கடனாகக் கேட்பேன். மங்கிய போட்டோவில் கிடைக்காத நிறம் அதில் இருக்கும்.

இந்த வேலைகளில் உரிமையாளர் பேசிக்கொண்டே இருப்பார், நான் கேட்டுக்கொண்டே வரைவேன். ஒரு அம்மா, "கேட்டைத் திறந்தா முதல்ல மூக்கைத்தான் நீட்டுவான்" என்று சொன்னார். அது போட்டோவில் இல்லை. கழுத்தை அரை அங்குலம் முன்னால் தாழ்த்தினேன். அவர் வந்து பார்த்தபோது கை தானாக அந்த மூக்கின் பக்கம் போனது. வண்ணம் காயவில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வயசான குதிரை. இளமையில இருந்த மாதிரி வரையலாமா?

இளமைக்கால போட்டோக்கள் போதுமான அளவு இருந்தால் வரையலாம். அப்போது எல்லாமே அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். கிரே வகைக் குதிரையானால் நிறமே வேறாக இருந்திருக்கும் என்று மேலே சொன்னேன். இன்றைய வெள்ளை உடலோடு ஐந்து வயது முதுகை ஒட்டவைத்தால் அப்படி ஒரு குதிரை ஒருநாளும் இருந்ததில்லை. உள்ளபடியே வரைவதானால் கண்ணுக்கு மேலே விழுந்த குழி, தொய்ந்த முதுகு, முகத்தில் ஊடுருவிய நரை எல்லாம் வரும். அவற்றை நான் குறையாகப் பார்ப்பதில்லை.

தழும்பு விஷயம் இன்னும் நுட்பமானது. கடிவாளம் பட்டு வந்த காயத்தடம் சிலருக்கு வேதனை, சிலருக்கு அதுவே அடையாளம். நெற்றி வெள்ளையைத் திருத்தக் கூடாது என்று சொன்ன நான் இதில் மட்டும் உரிமையாளர் சொல்வதைக் கேட்கிறேன். நெற்றி வெள்ளை குதிரையோடு கூடவே பிறந்தது, காயம் அதற்கு நேர்ந்தது.

படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா "இது எங்க குதிரை இல்ல"ன்னு தோணுது. எங்கன்னு சொல்லத் தெரியல. என்ன செய்யறது?

சொல்லத் தெரியாவிட்டாலும் அந்தத் தோன்றல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் நான் வாதாடுவதில்லை. படத்தைக் கண்ணாடியில் காட்டுவேன், தலைகீழாகத் திருப்பி வைப்பேன். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரியும். பிறகு தலையை மட்டும் காகிதத்தால் மறைத்து, "உடல் சரியா?" என்று கேட்பேன். அடுத்து உடலை மறைத்துத் தலையைக் காட்டுவேன். இரண்டும் சரி என்றால் கழுத்து தலையோடு சேரும் கோணத்தில்தான் தப்பு இருக்கும். என் அனுபவத்தில் அதுதான் அதிகம். அடுத்தபடி, கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரம்.

எல்லாம் அளவுப்படி சரியாக இருந்தும் திருப்தி வரவில்லை என்றால் பராமரிப்பவரை அழைத்து வரச் சொல்வேன். அவர் பொதுவாக நேராக ஒரு இடத்தில் விரலை வைத்துவிடுவார். "இவ்வளவு அடக்கமா நிக்கமாட்டான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் எடை நான்கு காலிலும் சமமாக விழுந்திருந்தது. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி மாற்றினேன். இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது, அதற்கேற்ப முதுகுக் கோட்டையும் வாலையும் திரும்ப வரைந்தேன். மூன்று வாரம் ஆனது. அடுத்த முறை வந்தவர் வாசலில் நின்றபடியே குதிரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.